செவுள் சீப்பு

வெள்ளிக்கிழமை காலையில் செல்வகுமாரிக்குச் சோறு இறங்கவில்லை. பழையதைக் கரைத்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடி வைத்தாள். "இன்னாம்மா, பரீட்சை எனக்கா உனக்கா?" என்று நர்சிங் படிக்கிற மகள் அபிதா கேலி பண்ணினாள். கேலி பண்ணுகிறவளுக்கு என்ன தெரியும்! காலை எட்டு மணியிலிருந்து சாயந்திரம் ஆறு மணி வரை, கம்பெனியில் ஒரே ஒரு மூடியைத் திறக்காமல் மிஷினை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிக் காட்டிவிட்டால், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிற கூட்டாளி ரோஸ்லின் அந்த மூடியில் கை வைக்க வேண்டியதில்லை. இல்லாவிட்டால் வைத்தே ஆக வேண்டும்.

வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக்கொல்லை முடிகிற இடத்தில் இருக்கிறது அந்தக் கம்பெனி. பகல் ஷிப்ட் மட்டும்தான். நாம் குடித்துவிட்டு வீசுகிற தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். அரைத்துச் சில்லு சில்லாக்கி, காஸ்டிக் சோடா போட்ட கொதிக்கிற தண்ணீரில் கழுவிக் காயவைத்து வெளியே அனுப்புவார்கள். கழுவின தண்ணீரைக் கொட்டிவிட மாட்டார்கள். அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிள் காகிதம், பசை, மண் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த ஒரு பெரிய இரும்பு டிரம்முக்குள் சல்லடை வைத்திருந்தார்கள். அது நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை அடைத்துக்கொள்ளும். அப்போது பம்பை நிறுத்தி, வால்வை மூடி, டிரம்மின் மூடியைத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சுரண்ட வேண்டும். திறந்த உடனே முகத்தில் அடிக்கிற ஆவி இருக்கிறதே, அது பகையாளிக்கும் வேண்டாம். இந்த வேலைக்கு இரண்டு பெண்கள், செல்வகுமாரியும் ரோஸ்லினும். ஒருத்தி வால்வு, ஒருத்தி மூடி. ஆறு வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்த வேலை.

போன ஐப்பசியில் ஒரு நாள் வால்வு செல்வகுமாரியின் முறை. திருகினாள், திருகு இறுகி நின்றது, "மூடிட்டேன்டி, தொற" என்று குரல் கொடுத்தாள். திருகுதான் நின்றது, வால்வு மூடவில்லை. உள்ளே ஒரு பாட்டில் சில்லு சிக்கியிருந்தது. ரோஸ்லின் அவள் பேச்சை நம்பி மூடியைத் திறந்தாள். இடது கை முழங்கை வரைக்கும், கழுத்து, காதோரம் எல்லாம் வெந்துபோயிற்று.

விசாரிக்க வந்தவர்களிடம் "வால்வு பழசு சார்" என்றுதான் ரோஸ்லின் சொன்னாள். யார் மூடினது, யார் திறக்கச் சொன்னது என்று மூச்சு விடவில்லை. செல்வகுமாரியும் விடவில்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஐந்து தடவை போனாள், ஐந்து தடவையும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள், ஐந்து தடவையும் அந்தப் பேச்சை எடுக்காமலே பஸ் ஏறித் திரும்பினாள். கோழைத்தனம்தான். அதற்கு வேறு பேர் வைப்பானேன்.

செல்வகுமாரி கடலோரத்து வீராம்பட்டினத்துப் பெண். கல்யாணமாகி ஒதியம்பட்டுக்கு வந்த பிறகும், கம்பெனியில் சேருகிற வரைக்கும் வில்லியனூர் மார்க்கெட்டில் மீன் விற்றவள். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளும்போது செவுளுக்குள் இருக்கிற சீப்பு கண்ணில் பட்டது. லட்சம் தடவை பார்த்ததுதான். சிவந்த செவுளுக்கு மறுபக்கம், மயிரிழை மாதிரி நெருக்க நெருக்கமாக வெள்ளைப் பற்கள். வஞ்சிரத்துக்கு அது முள்ளு முள்ளாக ஏதோ பேருக்கு இருக்கும். அது மீனைப் பிடித்துத் தின்கிற மீன். மத்தி அப்படி இல்லை. வாயைத் திறந்துகொண்டே நீந்தி, தண்ணீரில் மிதக்கிற பொடிப் பூச்சியையும் பாசியையும் அந்தச் சீப்பில் வடிகட்டித்தான் வயிறு வளர்க்கிறது.

கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். 'இது பொறந்ததுலேருந்து சலிச்சிகினேதான கீது? நாப்பது நிமிசத்துக்கு ஒருக்கா எவ வந்து இதுக்கு மூடியத் தொறந்து சுரண்டுறா?'

மறுநாள் நாலு மத்தித் தலையை டிபன் பாக்சில் போட்டுக்கொண்டு போய் இஞ்சினியர் கலைச்செல்வனின் மேஜையில் வைத்தாள். கலைச்செல்வன் நெட்டப்பாக்கத்துப் பிள்ளை, முட்டைகூடத் தொடாதவன். மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாக்கா இது, காலங்காத்தால!" என்று சிரித்தான். சிரித்தாலும் காது கொடுத்துக் கேட்டான், அது அவனிடம் உள்ள நல்ல குணம். மூன்று நாள் கழித்து அவனே தேடிக்கொண்டு வந்தான். மீன் எப்படி வடிகட்டுகிறது என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கிறார்களாம்.

"நம்ம சல்லடையில தண்ணி நேரா போய் முட்டுதுக்கா. அழுக்கும் கூடவே முட்டி, அங்கயே ஒக்காந்துக்குது. மீன் வாயில அப்படி இல்ல. தண்ணி சீப்பு ஓரமா வழுக்கிகினு ஓடுது. நல்ல தண்ணி இடுக்கு வழியா வெளிய போயிடும். அழுக்குக்கு நிக்க நேரமில்ல, நேரா தொண்டைக்குப் போயிடும்."

"அப்ப நம்ம குழாய்க்கும் ஒரு தொண்ட வெச்சிடுங்க சார்."

வைத்தார்கள். பழைய டிரம்முக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு குழாய், வாய் அகலமாகவும் போகப் போகக் குறுகலாகவும். உள்ளே சீப்புப் பல் மாதிரி எவர்சில்வர் பட்டைகள் பற்றவைத்த நாலு தகடு. குறுகின முனையில் அழுக்கு மட்டும் சொட்டிக்கொண்டே இருக்க ஒரு சின்ன வால்வு. அதற்கு 'தொண்டை' என்றே பேர் விழுந்துவிட்டது. பட்டைகள் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்காரர் கேட்டபோது கலைச்செல்வன் செல்வகுமாரியைக் கைகாட்டினான். "மீன் விசயத்துல அக்கா சொன்னா சரியா இருக்கும்." அவள் ஒரு தலையை எடுத்து, செவுள் மூடியைக் கட்டைவிரலால் தூக்கி, இப்படித்தான் தண்ணீர் போகும், இப்படித்தான் சாயும் என்று காட்டினாள். அப்படியே அடித்துக் கொடுத்தார் அவர்.

பாட்டில் பிரிக்கிற சார்ட்டிங் டேபிளிலிருந்து ரோஸ்லினுக்குப் பதிலாக வந்து நின்ற கனகாம்பாள் மட்டும் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். "அடியே செல்வி, மூடி தொறக்கறதுக்குத்தான் உங்க ரெண்டு பேருக்கும் சம்பளம். தொறக்கவே வேணான்னா, உங்கள வெச்சி இன்னா பண்ணுவான்? பூஜை பண்ணுவானா?" செல்வகுமாரிக்கு இது தெரியாதா? தெரியும். படுத்தால் இதுதான் நெஞ்சில் வந்து உட்காரும். ஆனால் அதைவிடப் பெரிய பயம் அந்த மூடி. ரோஸ்லினுக்கு லீவு முடிகிறது. திங்கட்கிழமை வரவில்லை என்றால் பேரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. வந்தால் பழைய டிரம், பழைய மூடி. மேனேஜர் சிவப்பிரகாசம் போனால் போகிறதென்று கொடுத்தது இந்த ஒரு வெள்ளிக்கிழமையை மட்டும்தான்.

எட்டு மணிக்குப் பம்பைப் போட்டார்கள். தண்ணீர் புதுக் குழாய்க்குள் போயிற்று. பக்கத்தில் ஒரு பிரஷர் மீட்டர், அதன் முள் ஏறினால் அடைக்கிறது என்று அர்த்தம். செல்வகுமாரி முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஐந்து நிமிஷம் அசையவில்லை. 'மாரியாத்தா, இப்படியே கெட' என்று வேண்டிக்கொண்டாள். எட்டாவது நிமிஷத்தில் முள் லேசாக ஆடியது. பத்தாவது நிமிஷத்தில் ஏற ஆரம்பித்தது. பன்னிரண்டாவது நிமிஷத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டு, குழாய் கிர்ரென்று உறுமத் தொடங்கியதும் கலைச்செல்வன் ஓடிப்போய் பம்பை நிறுத்தினான்.

பழைய சல்லடையாவது நாற்பது நிமிஷம் தாங்கும்! இது பன்னிரண்டு!

கழற்றிப் பார்த்தால் பட்டைகளுக்கு நடுவில் லேபிள் காகிதம் ஆணியில் மாட்டின துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கழுவி மாட்டினார்கள். தண்ணீர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், பதினான்கு நிமிஷம். கூட்டிப் பார்த்தார்கள், ஒன்பது. நடுநடுவே வேலை நிற்கக் கூடாதே என்று தண்ணீரைப் பழைய டிரம்முக்குத் திருப்பினார்கள். அதன் மூடியைச் செல்வகுமாரிதான் திறந்தாள். வால்வை மூடிவிட்டுக் கனகாம்பாள் குரல் கொடுத்த பிறகும், தானே வந்து திருகை இரண்டு தடவை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தாள். திங்கட்கிழமை இந்த இடத்தில் வெந்த கையோடு ரோஸ்லின் நிற்பாள் என்று நினைத்ததும் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆவி என்று சொல்லிச் சமாளித்தாள்.

பதினோரு மணிக்கு மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இன்னா கலைச்செல்வன், மீன் செத்துப்போச்சா?"

கலைச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்."

"சாப்புட்டு வந்து பாப்பேன். அப்பவும் இதே கதைன்னா கழட்டிப் பழைய இரும்புல போட்டுடுங்க."

மத்தியானம் செல்வகுமாரி டிபன் பாக்சைத் திறக்கவே இல்லை. எதிரில் கனகாம்பாள் மீன் குழம்பைப் பிசைந்து அடித்துக்கொண்டிருந்தாள். யார் வேலை போனால் என்ன, யார் கை வெந்தால் என்ன, அந்தம்மாள் சாப்பாட்டில் கை வைத்தால் உலகம் மறந்துபோகும். ஒரு மத்தித் தலையை எடுத்து, வாய்ப் பக்கத்தைத் தன் வாயில் வைத்து உறிஞ்சினாள். உறிஞ்சின குழம்பு செவுள் பக்கமாகப் பீச்சி அவள் முந்தானையில் தெறித்தது.

"சனியனே" என்று முந்தானையைத் துடைத்தாள் கனகாம்பாள்.

செல்வகுமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்தத் தலைய குடு."

"எச்சிடி."

"பரவால்ல, குடு!"

வாங்கிக்கொண்டு, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி வந்தாள். செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து உள்ளே விட்டாள். ஈர்க்கு சீப்புப் பல்லில் சிக்கி நின்றது. எடுத்து, மீனின் வாய் வழியாக விட்டாள். வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டைப் பக்கம் எட்டிப் பார்த்தது. மறுபடி பின்னால் விட்டாள், சிக்கியது. மறுபடி வாயில் விட்டாள், வழுக்கியது.

ஐயோ, என் புத்தி எங்கே மேயப் போயிற்று என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் மீன் விற்றவள். மார்க்கெட்டில் வருகிறவன் எல்லாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், 'மீன் புச்சா?' உடனே செவுள் மூடியைப் பின்னாலிருந்து தூக்கிச் சிவப்பைக் காட்ட வேண்டும். பதினெட்டு வருஷம் அந்த வாசல் வழியாகவே மீனுக்குள் பார்த்துப் பார்த்து, தண்ணீரும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது என்று மனசுக்குள் நின்றுபோய்விட்டது. மீன் எங்கேயாவது செவுளால் குடிக்குமா? வாயால் குடித்துச் செவுளால் விடுகிறது. கடற்கரையில் பிறந்த குழந்தைக்குத் தெரியும். இவளுக்கும்தான் தெரியும். பட்டை சாய்மானத்தைக் காட்டும்போது வாய் தெரிந்ததைச் சொல்லவில்லை, கை பழகினதைக் காட்டிவிட்டது. சைவப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது. நாலு தகடும் தலைகீழ்!

கலைச்செல்வனிடம் ஓடத்தான் எழுந்தாள். நாலு எட்டு வைத்ததும் கால் நின்றுவிட்டது. கனகாம்பாள் சொன்னது இப்போது நிஜமாகவே எதிரில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் குழாய் ஓடும். ஓடினால் ரோஸ்லின் மூடியைத் திறக்க வேண்டாம். ஆனால் ரோஸ்லினையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கையைக் காப்பாற்றுகிறேன் என்று போய் அவள் வயிற்றில் அடித்தால்? வெந்த கையை வைத்துக்கொண்டு வேறு யார் அவளுக்கு வேலை கொடுப்பார்கள்? சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அவள் அப்படியே நிற்க, ஏப்பம் விட்டுக்கொண்டு மேனேஜர் வந்துவிட்டார்.

"கழட்டிடுங்க" என்றார் கலைச்செல்வனிடம்.

"சார்," என்றாள் செல்வகுமாரி. குரல் கீச்சென்று வந்தது. "தப்பு எங்கன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி சார். ஒரு மணி நேரத்துல சரியாயிடும்."

"அப்ப சொல்லு."

"சொல்றேன் சார். இது ஓடிச்சின்னா இங்க எத்தினி ஆளு வெப்பீங்க?"

சிவப்பிரகாசம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தொண்டைய பாத்துக்க ஒரு ஆளு போதும். ரெண்டு பேரு எதுக்கு?"

"அந்த ஒரு ஆளு ரோஸ்லின்னு எழுதிக் குடுங்க சார். அப்புறம் சொல்றேன்."

"இன்னாம்மா, கம்பெனிக்கே கண்டிசன் போடறியா?" அவர் குரல் ஏறியதும் அரவை மிஷின்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இந்த ஆறு வருஷத்தில் அவரிடம் செல்வகுமாரி எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை. போய்விடலாம் போலத்தான் இருந்தது. போகவில்லை.

"ஓடற மிஷினுக்கு ஒரு ஆளு பேரு கேக்கறேன் சார். வேற ஒண்ணும் கேக்கல."

"அப்ப நீ?"

"எனக்கு மார்க்கெட் கீது."

கலைச்செல்வன் அவசரமாக, "சார், ஆர்டர் நிக்குது. எழுதிக் குடுத்துடுங்க" என்றான். சிவப்பிரகாசம் உதட்டைச் சுழித்துக்கொண்டு ஷிப்ட் நோட்டில் எழுதினார். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: திங்கள் முதல் புது வடிகட்டிக்கு ஒரு ஆள், ரோஸ்லின். கீழே கையெழுத்து. படித்து முடித்தபோதுதான் தன் பேர் அதில் இல்லை என்பது சுருக்கென்று தைத்தது. கேட்கும்போது வலிக்கவில்லை, பார்க்கும்போது வலித்தது. அபிதாவின் முகம் கண்ணில் வந்து போயிற்று.

ஈர்க்கையும் தலையையும் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். கலைச்செல்வன் தலையில் கை வைத்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டான். "படத்துல வேற மாதிரிதான் பாத்தேங்கா. உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்!" நாலு தகட்டையும் கழற்றித் திருப்பி மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டே காலுக்குப் பம்பைப் போட்டார்கள்.

பத்து நிமிஷம். முள் அசையவில்லை. இருபது. அசையவில்லை. அதை நம்புவதற்கு அவளுக்குத் தைரியம் வரவில்லை. நாற்பதாவது நிமிஷத்தில் முள் ஒரு நூல் ஏறியது. அவள் கலைச்செல்வனின் சட்டையையே பிடித்துவிட்டாள். அவன் தொண்டை வால்வைக் கால் திருகு திறந்துவிட்டான். காகிதக் கூழ் கொளகொளவென்று வெளியே வந்து விழுந்தது, முள் இறங்கிக்கொண்டது. மூன்று மணி. நாலு மணி. கனகாம்பாள் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஓடுது பாரு, பாவி" என்றாள். திட்டினாளா மெச்சினாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. ஆறு மணிக்குப் பம்பை நிறுத்துகிற வரைக்கும் பழைய டிரம்மின் மூடியை யாரும் தொடவில்லை. செல்வகுமாரி ஓரமாகப் போய் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷம் பாதி, பயம் பாதி.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் கணக்கு முடிக்க வருகிறேன் என்று ஆபீசில் சொல்லியிருந்தாள். கேட்டில் ரோஸ்லின் நின்றுகொண்டிருந்தாள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு. முகத்தில் ரத்தமே இல்லை.

"வாடி, ஒண்ணு காட்டறேன்" என்று செல்வகுமாரி அவளை உள்ளே கூட்டிப்போனாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது, தொண்டையில் கூழ் சொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் ஒரே ஒரு ஸ்டூல். "இனிமே மூடி கெடையாது. இங்க ஒக்காந்து முள்ள பாக்கணும், ஏறினா இத லேசா திருவணும். அவ்ளோதான் உன் வேல."

ரோஸ்லின் குழாயைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள், ஸ்டூலைப் பார்த்தாள். "உன்னுது எங்க?"

பின்னால் நின்ற கனகாம்பாள்தான் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். நோட்டில் எழுதி வாங்கினது, மார்க்கெட் கீது என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை.

"இன்னாத்துக்குடி இது?" என்றாள் ரோஸ்லின்.

"அன்னைக்கு வால்வ சரியா மூடாதது நாந்தான். நாந்தான் தொறக்கச் சொன்னேன்." ஏழு மாசமாக வராதது இப்போது மிஷின் சத்தத்துக்கு நடுவே சாதாரணமாக வந்துவிட்டது.

"அது எனக்குத் தெரியாதா? என் காதுலதான சொன்ன." ரோஸ்லினுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் அத ஆஸ்பத்திரியிலேயே விட்டுட்டேன். நீ ஆப்பிள வெச்சிட்டு வெச்சிட்டு ஓடும்போதே தெரியும், இவ விடமாட்டான்னு. இப்ப உன் பொழப்ப என் கையில குடுத்துட்டுப் போயிட்டீன்னா, நான் தெனமும் இதுல ஒக்காந்து இன்னாடி நெனைப்பேன்? என் கை வெந்ததுக்கு உன் மக படிப்ப தின்னுட்டேன்னு நெனைப்பேனா?"

ரோஸ்லினைக் கேட்க வேண்டும் என்று தனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் செல்வகுமாரிக்கு உறைத்தது.

"அவரு இன்னா எழுதினாரு? ஒரு ஆளு. ஒரு நாளைக்கு ஒரு ஆளு நிப்போம். ஒரு நாள் நீ, ஒரு நாள் நான். ஒத்துக்கலன்னா ரெண்டு பேரும் போவோம், அப்புறம் எவன் வந்து முள்ள பாக்கறான்னு பாப்போம்."

"அரச் சம்பளத்துல எப்படிடி..."

"தெரியல. எனக்கும் பயமாத்தான் கீது."

மேனேஜர் ஒத்துக்கொள்வாரா, அரைச் சம்பளத்தில் இரண்டு வீட்டு அடுப்பும் எரியுமா, இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ரோஸ்லின் அவளைத் தோளில் பிடித்து அந்த ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"இன்னைக்கு நீ இரு செல்வி. இந்த எடத்தப் பாத்தாலே எனக்கு இன்னும் கை ஆடுது."